பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலந்தால் என்ன ஆகும்? பாத்ரூமில் நடக்கும் வேதிவினை இதுதான்!

பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, 'கறை போகலையே' என்று அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் டபுளா சுத்தமாகும் என்ற நினைப்பு! ஆனால், கொஞ்ச நேரத்திலேயே மூக்கைத் துளைக்கும் நெடி, கண் எரிச்சல், விடாத இருமல். ஏன் இப்படி? பள்ளியில் படித்த வேதிச் சமன்பாட்டிலேயே பதில் இருக்கு.

வேதிவினை என்றால் என்ன?

உப்பைத் தண்ணீரில் கரைத்து வற்ற வைத்தால், உப்பு அப்படியே திரும்பக் கிடைக்கும். இது வேதிவினை அல்ல. வேதிவினையில் அணுக்களின் பழைய பிணைப்பு உடைந்து புதுப் பிணைப்பு உருவாகும். வேறு பொருளே பிறக்கும். வாயு வெளியேறுவது, நிறம் மாறுவது, சூடாவது எல்லாம் அதன் அறிகுறிகள்.

சமன்பாடு எழுதுவது எப்படி?

கலக்கும் பொருட்களை அம்புக்குறிக்கு இடப்பக்கம் எழுத வேண்டும். இவை வினைபடு பொருட்கள். உருவாகும் பொருட்கள் வலப்பக்கம். இவை வினைவிளை பொருட்கள்.

பிளீச்சிங் பவுடரைப் பாடப்புத்தகம் கால்சியம் ஆக்சிகுளோரைடு என்கிறது. பாத்ரூம் ஆசிட்டிலும், பல டாய்லெட் கிளீனர்களிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

கால்சியம் ஆக்சிகுளோரைடு + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + குளோரின் வாயு

இத்தோடு முடிஞ்சுதா? இல்லை. வினையில் எந்த அணுவும் புதுசா முளைக்காது, காணாமலும் போகாது. பிரான்ஸின் லவாய்சியர் 18-ம் நூற்றாண்டிலேயே எடை போட்டுக் காட்டிய பொருண்மை அழியா விதி இது. அதனால் இரு பக்கமும் கணக்கு டேலி ஆகணும்.

இடப்பக்கம்: கால்சியம் 1, ஆக்சிஜன் 1, ஹைட்ரஜன் 1, குளோரின் 3

வலப்பக்கம்: கால்சியம் 1, ஆக்சிஜன் 1, ஹைட்ரஜன் 2, குளோரின் 4

இடப்பக்கம் ஒரு ஹைட்ரஜனும் ஒரு குளோரினும் குறைகிறது. அமிலத்துக்கு முன்னால் '2' போட்டால் போதும், சமன்பாடு சமன் ஆகிவிடும். ஆனால் பொருளின் வாய்பாட்டுக்குள் இருக்கும் எண்ணில் மட்டும் கை வைக்கக் கூடாது. நீரில் ஒரு ஆக்சிஜனைக் கூட்டினால் அது நீரே அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு!

வலப்பக்கம் இருக்கும் ஆபத்து

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மனி ராணுவம் ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே குளோரின் வாயுவைத்தான். காற்றைவிடச் சுமார் 2.5 மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டியே தேங்கும். கண், தொண்டை, நுரையீரலில் உள்ள ஈரத்துடன் சேர்ந்து அமிலமாக மாறி அரிக்கும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் இது உயிருக்கே ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு நேரத்தில் ஒரு கிளீனர் மட்டும் போதும். தெரியாமல் கலந்துவிட்டால், அதைக் கழுவிவிட உள்ளேயே நிற்காதீர்கள். உடனே வெளியேறி நல்ல காற்று உள்ள இடத்துக்குப் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.