செவிக்கவசமும் மின்னணுவும்

சிறுவர் பயிலும் .22 ரைஃபிள்கூட வெடிக்கும் கணத்தில் ஏறக்குறைய 140 டெசிபல் சப்தத்தை எழுப்பவல்லது. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளோ 160 டெசிபலையும் தாண்டிவிடும். பேரொலி கேட்டவுடன் நடுச்செவியின் தசைகள் தாமே இறுகி அதன் வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடு நமக்கு இயற்கையாக அமைந்திருப்பினும், அவை இறுகத் தொடங்குமுன்னரே வெடியின் உக்கிரம் செவிக்குள் புகுந்து முடிந்துவிடுகிறது. மனிதனின் உட்செவி ஒவ்வொன்றிலும் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அத்தகைய அணுக்கள் அழிந்தால் பறவைகளுக்கு மறுபடி முளைக்கும். மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வலத்தோளில் ரைஃபிளை அணைத்துச் சுடுவோருக்கு இடச்செவியே குழல்வாய்க்கு அருகில் நிற்பதால், பெரும்பாலும் அதுவே முதலில் மந்தமாகிறது.

மின்னணுச் செவிக்கவசம் வாங்கப் புகுவோர் மின்னணுவே செவியைக் காக்கும் என்ற பிரமையை முதலில் நீக்கிக்கொள்வது அவசியம். செவியைக் காப்பது தடித்த கிண்ணமும், அதன் விளிம்பிலுள்ள மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிவதுமேயாகும். கிண்ணம் மறைத்த பேச்சொலியை மீட்டுத் தருவதே மின்னணுவின் காரியம். வெளியிலுள்ள மைக்குகள் மெல்லிய ஒலியை வாங்க, உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கிகள் அதனைப் பெருக்கி அளிக்கின்றன. வெடி நேர்ந்ததும் அப்பெருக்கம் ஒரு வரம்புக்குள் ஒடுங்கிவிடுகிறது. மட்டமான கருவிகளில் அக்கணம் எல்லா ஒலியும் அறுந்து சற்றுப் பொறுத்தே திரும்பும். உயர்ந்தவற்றில் பேச்சு தொடர்ந்து கேட்கும். ‘சுடுவதை நிறுத்துங்கள்’ என்று களத்தின் பொறுப்பாளர் விடுக்கும் கட்டளையைக் கவசத்தைக் கழற்றாமலே கேட்க முடிவது எத்துணை பெரிய பாதுகாப்பு! அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கிண்ணத்தை உயர்த்திய விநாடியில் பக்கத்துத் துப்பாக்கி வெடித்துவிடலாமன்றோ?

காப்பது கிண்ணமே ஆதலின், பெட்டியில் அச்சிட்டுள்ள ஒலித்தணிப்பு எண்ணையே முதலில் நோக்குக. அமெரிக்காவில் அதனை என்.ஆர்.ஆர். என்பர், மின்னணுக் கவசங்களில் அது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும். பரிசோதனைச் சாலையில் கண்ட அவ்வெண் களத்தில் முழுமையாகக் கிட்டுவதில்லை. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தையைச் சற்றுத் தூக்கினாலே குறைந்துவிடும். தடித்த கிண்ணம் அதிகம் காக்குமெனினும், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கும்போது அதில் இடித்து விலகுமாயின் பயனில்லை. ரைஃபிளுக்கு மெலிந்த கிண்ணமே உசிதம். சுவர்கள் ஒலியை எதிரொலிக்கும் உள்ளரங்குகளிலோ, காதுக்குள் நுரையடைப்பானைச் செருகி அதன்மேல் கவசத்தை அணிந்து, பேச்சு தெளியும்வரை ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்வதே சிறந்த முறை.