வெந்நீராகும் வீட்டு நீச்சல் குளம்... ஏரேட்டர் மாட்டினால் ஜில்லென்று ஆகுமா? காசு போடும் முன் தெரிஞ்சுக்கோங்க!

மே மாத மதியம். பிள்ளைகள் ஆசை ஆசையாகக் குளத்தில் குதிக்கிறார்கள். குதித்த வேகத்திலேயே "தண்ணி சுடுது" என்று கரையேறி விடுகிறார்கள். பண்ணை வீடு, தனி வீடு என நீச்சல் குளம் வைத்திருக்கும் பலருக்கும் கோடையில் இதே புலம்பல்தான். இதற்குத் தீர்வாக ஆன்லைனில் விற்கப்படும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்தான் 'ஏரேட்டர்'. உண்மையிலேயே வேலை செய்யுமா? யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது?

ஏரேட்டர் என்றால் என்ன?

டீ மாஸ்டர் டீயை ஏன் தூக்கி ஆத்துகிறார்? காற்று பட்டுச் சூடு குறையத்தான். ஏரேட்டர் செய்வதும் அதேதான். குளத்து நீரை மோட்டார் உறிஞ்சி, ஃபில்டர் வழியாகச் சுவரில் உள்ள ஓட்டை மூலம் திரும்ப அனுப்பும். இந்த ஓட்டைக்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். அதில் ஒரு குழாயை மாட்டி, நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து, தண்ணீரை மழை போலத் தூவ விட்டால் அதுதான் ஏரேட்டர். தனி மோட்டார் வேண்டாம், தனி கரண்ட் கனெக்‌ஷனும் வேண்டாம்.

எப்படிக் குளிர்கிறது?

மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. கொஞ்சம் நீர் ஆவியாகும்போது, மீதி நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும்.

உதாரணத்துக்கு, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். இதில் ஒரு டிகிரி செல்சியஸ் குறைய வேண்டுமானால் சுமார் 83 லிட்டர் ஆவியாக வேண்டும். மூன்று டிகிரி குறைய 250 லிட்டர். அதாவது குளிர்ச்சிக்கு விலை தண்ணீர்தான். லாரித் தண்ணீர் வாங்கிக் குளத்தை நிரப்புபவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹிட்... சென்னையில்?

இதுதான் முக்கியமான விஷயம். ஏரேட்டருக்கு ஏற்ற இடம் அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட பகுதிகள். அங்குள்ள ஃபீனிக்ஸ் நகரில் 2023-ல் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. ஆனால் காற்றில் ஈரம் குறைவு என்பதால் நீர் வேகமாக ஆவியாகும்.

ஆவியாதல் மூலம் நீரை எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 40 டிகிரி வெயிலும் 15 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை சுமார் 21 டிகிரி. ஆனால் 36 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் எல்லை சுமார் 30 டிகிரி. வெயில் குறைவாக இருந்தும் பலன் குறைவு!

ஏர் கூலர் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். வறண்ட ஊரில் குளுகுளு, கடலோர ஊரில் வெறும் புழுக்கம். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏரேட்டரிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உள்மாவட்டங்களில் வறண்ட கோடை நாட்களில் பலன் தெரியும்.

எப்படி மாட்டுவது?

1. மோட்டாரை ஆஃப் செய்து, மெயின் ஸ்விட்சையும் அணைக்கவும்.

2. ரிட்டர்ன் ஓட்டையில் உள்ள மூடி போன்ற பகுதியைக் கழற்றி, உள்ளே மரை இருக்கிறதா என்று பார்க்கவும். மரை இல்லாத பழைய குளம் என்றால் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

3. மரையின் அளவையும் வகையையும் பார்த்த பிறகே ஆர்டர் போடவும். அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 'என்பிடி' மரை. நம் ஊரில் புழக்கத்தில் இருப்பது 'பிஎஸ்பி' மரை. இரண்டும் சரியாகப் பொருந்தாது. பலவந்தமாகத் திருகினால் சுவரில் உள்ள ஃபிட்டிங் பழுதாகும். உடைந்தால் செலவு ஏரேட்டரோடு நிற்காது.

4. டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் திருகினாலே போதும். ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டாம்.

5. மோட்டாரை ஓட விட்டு, ஃபில்டரில் உள்ள பிரஷர் மீட்டரைப் பார்க்கவும். வழக்கத்தைவிட அதிகமாக ஏறினால் தண்ணீர் வழி அடைபடுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தவும்.

பகலா, இரவா?

இரவில்தான் ஓட விட வேண்டும். காற்று குளிர்ந்திருக்கும், வெயிலும் ஏறாது. பகலில் ஓட விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூரியன் சூடேற்றும். குளிக்கும் நேரத்தில் குழாயைக் கழற்றி விடுவது பாதுகாப்பு. நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் பிள்ளைகள் மோதும் ஆபத்து உண்டு.

பலரும் கவனிக்காத சிக்கல்

தண்ணீர் தூவப்படும்போது அதில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இதனால் நீரின் பிஎச் அளவு ஏறும். குளத்தில் பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் திறன் குறையும், டைல்ஸில் வெள்ளை உப்பும் படியும். தண்ணீர் பளிச்சென்று தெரியும், ஆனால் உள்ளே கிருமி இருக்கும். எனவே ஏரேட்டர் ஓடும் நாட்களில் டெஸ்ட் கிட் வைத்து அடிக்கடி சோதிப்பது அவசியம்.

"ஆக்சிஜன் ஏறுதுல்ல, அப்போ குளோரின் குறைச்சுக்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. ஏரேட்டர் தண்ணீரைக் குளிர்விக்கும், சுத்தம் செய்யாது.

அப்போ வாங்கலாமா?

வறண்ட ஊர், தாராளமான தண்ணீர், மரை உள்ள ரிட்டர்ன்... மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் குளத்துக்கு மேலே நிழல் வலை கட்டிப் பாருங்கள். சூடு ஏறிய பிறகு குறைப்பதைவிட, ஏறாமல் தடுப்பதே லாபம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாது!