‘ஏலே’ என்றால் தவறா?
விளிச்சொற்களும் வியப்புச் சொற்களும் வகுப்பறையில்

இளைஞர்களின் பனியன்களில் நாம் அடிக்கடி காணும் சே குவேராவின் பெயரில் உள்ள ‘சே’ பெற்றோர் இட்ட பெயரன்று. 1928-இல் அர்ஜென்டினாவில் பிறந்த அவருடைய பெயர் எர்னஸ்டோ. அந்நாட்டு ஸ்பானியப் பேச்சில் ‘சே’ என்பது ஒருவரைக் கூப்பிடும் சொல். பேச்சுக்குப் பேச்சு அவர் அதைச் சொல்லவே, கியூபத் தோழர்கள் அதையே அவருக்குப் பெயராக்கினர். நம் தூத்துக்குடி வழக்கில் சொன்னால், ஒருவருக்கு ‘ஏலே’ என்றே பெயர் அமைந்ததற்கு ஒப்பாகும். பின்னாளில் கியூபாவின் தேசிய வங்கித் தலைவராக இருந்தபோது, பணத்தாள்களிலும் அவர் ‘சே’ என்றே கையெழுத்திட்டார்.

அங்கே பணத்தாள் வரை சென்ற இத்தகைய சொல், நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் கண்டிப்புக்கு உள்ளாகிறது. “ஏலே, இங்க வா” என்று மாணவனை அழைக்கும் ஆசிரியரே, அவன் தன் நண்பனை “ஏலே” என்றால் ‘மரியாதை இல்லாத பேச்சு’ என்கிறார். வீட்டிலும் கடற்கரையிலும் கேட்டு வளர்ந்த சொல்லைப் பள்ளி தவறு என்னும்போது, குழந்தை சொல்லை மட்டும் விடுவதில்லை. வகுப்பில் வாய் திறப்பதையே குறைத்துக்கொள்கிறது. பிறகு ‘உணர்ச்சித் தொடருக்கு எடுத்துக்காட்டுத் தருக’ என்றால், உரைநூலில் உள்ள ‘ஆகா! என்ன அழகு!’ மட்டுமே விடையாக வருகிறது.

எல்லா மொழியும் செய்யும் வேலை

ஸ்பெயினில் ஒருவரின் கவனத்தை ஈர்க்க ‘ஓயே’ என்பார்கள். அதற்குக் ‘கேள்’ என்று பொருள். ‘மீரா’ என்றால் ‘பார்’. நாமும் “இங்க பாரு”, “இத கேளு” என்றுதானே பேச்சைத் தொடங்குகிறோம்? மரியாதைக்குரியவரிடம் ‘ஓயே’ ‘ஓய்கா’ ஆகும். ‘மீரா’ ‘மீரே’ ஆகும். நம் ‘கேளு – கேளுங்க’, ‘பாரு – பாருங்க’ போன்ற வேறுபாடே இது. நண்பனை ‘தீயோ’ என்று அழைப்பதும் அங்கே உண்டு. அது மாமா, சித்தப்பா போன்றோரைக் குறிக்கும் உறவுச்சொல். நம் ‘மாப்ள’, ‘மச்சான்’ போலவே உறவு முறை இல்லாதவரிடமும் அது செல்லும்.

வியப்பிலும் இந்த ஒற்றுமை உண்டு. ‘மாத்ரே மியா’ என்றால் ‘என் அம்மா’. நாம் ‘அம்மாடி’, ‘ஆத்தாடி’ என்கிறோம். ‘ஆந்தா’ என்றால் ‘நட’, ‘போ’, நாம் நம்ப முடியாததைக் கேட்டால் “அட, போப்பா!” என்கிறோம். ‘நோ மே திகாஸ்’ என்றால் ‘என்னிடம் சொல்லாதே’; இங்கு மட்டும் நாம் வேறுபட்டு, “என்ன சொல்லுதிய!” என்று கேட்கிறோம்.

ஒன்றில் கவனம் வேண்டும். ஸ்பானிய ‘ஓயே’வும் நெல்லை வட்டாரத்து ‘ஓய்’யும் ஒலியில் நெருங்குகின்றன, ஆனால் ‘ஓயே’ அவர்களின் ‘கேட்டல்’ வினையிலிருந்து வந்தது. அவர்களின் ‘சே’ ஆளை அழைக்கும். நம் ‘சே’ வெறுப்பைக் காட்டும். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் சொற்களுக்கு உறவு கற்பிக்கக் கூடாது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இவை நல்ல சான்றுகள். உண்மையான கடன்சொற்களும் நம்மிடம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து சன்னல், சாவி, அலமாரி, ஏலம் போன்றவை தமிழுக்கு வந்தன. பொருள்களுக்குப் பிறமொழிப் பெயர் ஏற்ற இந்தக் கரை, ஆளைக் கூப்பிட இன்றும் ‘ஏலே’ என்கிறது; வியந்தால் ‘ஆத்தாடி’ என்கிறது.

இலக்கணத்தில் இவற்றின் இடம்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலையே ஒதுக்கியுள்ளது. அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாக நிற்கும் என்றும், தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை நீளும் என்றும் அது வேறுபடுத்துகிறது. கரையிலிருந்து படகை நோக்கி ‘ஏலேஏஏய்’ எனக் கூவும் குழந்தைக்கு இந்த இலக்கணம் முன்பே தெரியும், பெயர்தான் தெரியாது.

மெய்ப்பாட்டியல் வியப்பை ‘மருட்கை’ என்று சொல்லி, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. இதுவரை காணாத மீன் வலையில் வந்தால் புதுமை. துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல் பெருமை. சிப்பிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு முத்து சிறுமை. பாத்தியில் கட்டிய கடல்நீர் உப்பாக மாறுவது ஆக்கம். நான்குக்கும் எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது.

வகுப்பில் செய்யலாம்

தொடக்க வகுப்புகளில் ‘அம்மாடி’ என்ற ஒரே சொல்லை இந்த நான்கு சூழல்களுக்கும் ஏற்பக் குரல் மாற்றிச் சொல்லச் செய்யலாம். வாய்விட்டுப் படிக்கும்போது வரும் உணர்ச்சியும் இதனால் மேம்படும். ஸ்பானியத்தில் வியப்புத் தொடரின் தொடக்கத்திலும் ஒரு தலைகீழ் வியப்புக்குறி இடுவார்கள். குரலை மாற்ற வேண்டும் என்பது படிப்பவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். நமக்குக் குறி இறுதியில்தான் வருகிறது. எனவே தொடர் முழுவதையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு வாய்விட்டுப் படிக்கப் பழக்க வேண்டும்.

உயர்நிலை வகுப்புகளில் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடலாம்: யாரை அழைக்கிறோம், எங்கே, எந்தச் சொல்லால். நண்பனுக்கு ‘ஏலே’, கடைக்காரருக்கு ‘அண்ணாச்சி’, தலைமையாசிரியருக்கு ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ என மாணவர்களே நிரப்புவார்கள். ‘ஏட்டி’ என்று தோழி அழைப்பதற்கும் வகுப்பு மாணவன் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவிகளே சொல்லட்டும். ஒருவரைத் தாழ்த்தும் விளி எது, நெருக்கம் காட்டும் விளி எது என்ற உரையாடல் அங்கே தானாகத் தொடங்கும். அறிவுரையால் வராத பண்பு அந்த உரையாடலில் வரும்.

ஒரு சொல் சரியா தவறா என்பதை அந்தச் சொல் மட்டும் முடிவு செய்வதில்லை. யார், யாரிடம், எங்கே சொல்கிறார் என்பதே முடிவு செய்கிறது. ‘ஏலே’யைத் தடை செய்வது எளிது. அதை எங்கே சொல்லலாம், எங்கே கூடாது என்று குழந்தையே தேர்ந்துகொள்ளக் கற்பிப்பதுதான் மொழிப்பாடம்.