கோல்ஃப் 'ஹேண்டிகேப்' என்றால் என்ன? கிளப் ஆட்டக்காரர்களுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம்?

இங்கிலாந்தில் ஏதாவது ஓர் ஊர் கோல்ஃப் கிளப்பில் சனிக்கிழமைப் போட்டி முடிந்த பிறகு போய் உட்கார்ந்தால், காதில் விழுவது பெரும்பாலும் இந்தப் பேச்சாகத்தான் இருக்கும்: "42 பாயின்ட்டா? இந்த ஆளு இன்னும் எப்படி 22-லயே இருக்காரு?" பரிசு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கிளப் கடையில் பந்து வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன், அவ்வளவுதான். ஆனாலும் முணுமுணுப்பு அடுத்த சனிக்கிழமை வரை ஓயாது. இத்தனைக்கும் காரணம் ஹேண்டிகேப் என்ற ஓர் எண்.

டென்னிஸில் முப்பது வருடமாக ஆடுபவரும் போன வருடம் மட்டையைப் பிடித்தவரும் மோதினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். கோல்ஃபில் அப்படி இல்லை. ஒருவரின் ஹேண்டிகேப் 5, இன்னொருவருடையது 20 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 18 குழிகளையும் 78 அடிகளில் முடிக்கிறார், இரண்டாமவர் 92 அடிகளில். அவரவர் ஹேண்டிகேப்பைக் கழித்தால் 73, 72. குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி என்பதால் ஜெயித்தவர் இரண்டாமவர். அப்பாவும் மகளும், மேலாளரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே ஆட்டத்தில் நிஜமாகவே போட்டி போட முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கழித்தல் கணக்குதான் காரணம்.

இந்தச் சொல்லுக்கும் உடல் குறைபாட்டுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொப்பிக்குள் கையை விட்டு ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர் அது. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன் செய்வதை அப்படி அழைத்தார்கள். கிண்டி ரேஸ் பார்த்த பழைய ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். கோல்ஃபுக்கு வந்தது அதற்கும் பிறகு.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2020 வரை உலகில் ஆறு விதமான ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. ஆட்ட விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து அவற்றை 'உலக ஹேண்டிகேப் முறை' என்று ஒன்றாக்கின. இந்தியாவில் இதை நடத்துவது இந்தியன் கோல்ஃப் யூனியன்.

புதியவர் ஒருவர் மொத்தம் 54 குழிகள் ஆடி ஸ்கோர் கார்டு கொடுத்தால் போதும், எண் கிடைத்துவிடும். ஆண், பெண் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 54. நன்றாக ஆட ஆட எண் குறையும். பூஜ்யத்தைத் தொட்டவரை 'ஸ்க்ராட்ச்' ஆட்டக்காரர் என்பார்கள்.

வெறும் அடிகளை மட்டும் எண்ணினால் சுலபமான மைதானத்தில் ஆடுபவர் கில்லாடி ஆகிவிடுவார் அல்லவா? அதனால் ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு மதிப்புகள் உண்டு. ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடிகளில் முடிப்பார் என்பது 'கோர்ஸ் ரேட்டிங்'. சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது 'ஸ்லோப்'. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம், நடுநிலை 113. உதாரணமாக, கோர்ஸ் ரேட்டிங் 70.8, ஸ்லோப் 125 உள்ள மைதானத்தில் ஒருவர் 92 அடித்தால், 92-ல் 70.8-ஐக் கழித்து, 113-ஆல் பெருக்கி, 125-ஆல் வகுக்க வேண்டும். விடை 19.2. கடைசி 20 ஆட்டங்களுக்கு இப்படி வரும் எண்களில் மிகச் சிறந்த எட்டின் சராசரிதான் அவரது ஹேண்டிகேப் இண்டெக்ஸ்.

ஊர் மாறினால் இதே கணக்கு தலைகீழாக ஓடும். இண்டெக்ஸ் 18 உள்ளவருக்கு மேலே சொன்ன மைதானத்தில், பார் 72 என்றால், 19 அடிகள் சலுகை. ரேட்டிங் 73.5, ஸ்லோப் 140 உள்ள கடினமான மைதானத்துக்கு அவரே போனால் 24 கிடைக்கும்.

சராசரி அல்ல, நல்ல நாள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் அந்த 'எட்டு'தான். இருபதில் மோசமான பன்னிரண்டு ஆட்டங்கள் கணக்கிலேயே வருவதில்லை. அப்படியானால் ஹேண்டிகேப் 18 என்பது 'இவர் வழக்கமாக இப்படி ஆடுவார்' என்று சொல்லவில்லை. 'நல்ல நாளில் இவரால் இப்படி ஆட முடியும்' என்று சொல்கிறது. தன் ஹேண்டிகேப் அளவுக்கு ஒருவர் ஆடுவது நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான். மற்ற நாட்களில் மூன்று நான்கு அடிகள் கூடத்தான் போகும். இது தெரியாமல், 'என் நம்பருக்கு நான் ஆடவே மாட்டேங்கிறேனே' என்று வாராவாரம் நொந்துகொள்பவர்கள் ஏராளம். ஒரு குழியில் சொதப்பினாலும் எண் நாசமாகிவிடாது. பார் 4 குழியில் ஓர் அடி சலுகை உள்ளவர் 11 அடித்தாலும், ஹேண்டிகேப் கணக்கில் 7-க்கு மேல் ஏறாது.

இந்த எண்ணில் பொய்யும் நுழையும், அது இரண்டு திசையிலும் நடக்கும். ஒரு சாரார் மோசமான ஆட்டங்களைப் பதியாமல் விட்டு, 'நான் 9' என்று சொல்லிக்கொள்வார்கள். ஜம்பம், நஷ்டம் அவர்களுக்கே. அந்த 9-ஐ வைத்துக்கொண்டு ஒரு போட்டியும் ஜெயிக்க முடியாது. இன்னொரு சாரார் நல்ல ஆட்டங்களை மறைத்து, எண்ணை உயர்த்தி வைத்துக்கொண்டு, பரிசுப் போட்டியன்று பிரமாதமாக ஆடுவார்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு 'சாண்ட்பேக்கர்', பிரிட்டனில் 'பேண்டிட்', அதாவது கொள்ளைக்காரர். கிளப்பில் ஒருமுறை இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

இதற்குக் கடிவாளங்கள் உண்டு. தன் இண்டெக்ஸைவிட 7 அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஆடினால் எண்ணிலிருந்து உடனே 1 குறையும். 10-ஐத் தொட்டால் 2. ஏறுவதற்கும் வரம்பு இருக்கிறது: ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3-க்கு மேல் ஏறினால் ஏற்றம் பாதியாக்கப்படும், 5-க்கு மேல் ஏறவே முடியாது. கிளப் குழுவே சந்தேகப்பட்டு எண்ணை மாற்றவும் அதிகாரம் உண்டு. அப்படியும், கார்டை எழுதுவது ஆட்டக்காரரும் கூட ஆடியவரும்தான். கிரிக்கெட் போல நடுவர் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை.

பிரிட்டனில் ஏன் இவ்வளவு கோபம்?

அங்கே 2020 நவம்பர் வரை இருந்த பழைய முறையில், பெரும்பாலும் போட்டிகளில் எடுத்த ஸ்கோர்தான் கணக்கு. மோசமாக ஆடினால் எண் 0.1 மட்டுமே ஏறும். புதிய முறையில் நண்பர்களோடு சும்மா ஆடிய ஆட்டத்தையும், முன்கூட்டியே பதிந்துவிட்டு ஆடினால், செயலி மூலம் சேர்க்கலாம். எண் மேலும் கீழும் வேகமாக நகர்கிறது. 'வேண்டுமென்றே ஏற்றிக்கொள்ள இது வசதி' என்பது குறைந்த எண் வைத்திருப்பவர்களின் குற்றச்சாட்டு.

சிலர் ஏமாற்றுவது உண்மைதான். ஆனால் கோபத்தில் பாதி, கணிதத்தின் மீது வர வேண்டியது. ஹேண்டிகேப் 4 உள்ளவரின் ஆட்டம் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. 25 உள்ளவர் இன்று 95, நாளை 110 அடிப்பார். நூறு பேர் ஆடும் போட்டியில், 25-காரர்களில் யாராவது ஒருவருக்கு அன்றைக்கு வாழ்நாள் ஆட்டம் அமைந்துவிடும். அவர் கொள்ளைக்காரர் இல்லை, அன்று அவருடைய நாள். தனிநபர் போட்டியில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம் மட்டும் தருவதும், எண்ணை வைத்துத் தனித்தனிப் பிரிவாகப் பரிசு கொடுப்பதும் இதைச் சமாளிக்கத்தான். இருவர் மட்டும் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அப்படியானால் எவ்வளவு முக்கியம்? ஞாயிறு காலையில் அதே நான்கு பேரோடு ஆடுபவருக்கு, ஆட்டம் சமமாக இருக்க உதவும் ஒரு கருவி. கிளப் போட்டியில் பெயர் கொடுப்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆட நினைப்பவர் கையில் ஹேண்டிகேப் சான்று இருக்க வேண்டும். அமெரிக்க ஓப்பனுக்கு விண்ணப்பிக்கும் அமெச்சூருக்கு 0.4-க்கு மேல் இருக்கக் கூடாது. அந்த உச்சிக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. யுஎஸ்ஜிஏ கணக்குப்படி அமெரிக்காவில் ஹேண்டிகேப் வைத்திருக்கும் ஆண்களின் சராசரியே சுமார் 14, பெண்களுக்கு சுமார் 28. அதுவும் கார்டு பதியும் அளவுக்கு ஆர்வம் உள்ளவர்களின் சராசரிதான். பதியாமலே ஆடுபவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.