கித்தா மரத்தின் இரண்டாம் பயன்

நெகிரி செம்பிலானில் சிரம்பான் முதல் பகாவ் வரை பரந்த தோட்டப்புறங்களிலே 25, 30 ஆண்டுகள் வளர்ந்து, பட்டை சீவப்பட்டுப் பால் சொரிந்த கித்தா எனும் ரப்பர் மரம், மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் தினத்தில், முற்காலத்தில் விறகுக்கு மட்டுமே பாத்தியமானதாகக் கருதப்பட்டது. ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடங்களிலும் செங்கற்சூளைகளிலும் எரிந்தது போக, பிறையிலிருந்த மலாயாவாத்தா இரும்பாலையின் ஊதுலைக்கும் அதன் கரியே உதவிற்று. அதே மரம் இன்று கதவாகவும் படிக்கட்டாகவும் தரைப்பலகையாகவும் வீடுகளுக்குள் பிரவேசித்திருப்பதன் காரணம் அறியத்தக்கது.

கித்தா மரத்தில் வைரம் பாய்வதில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் அதன் உடலெங்கும் நிறைந்திருக்கின்றன. ஆதலால் வெட்டிக் கிடத்திய சில தினங்களுக்குள்ளாகவே பூஞ்சணம் பற்றி வெளிறிய மரம் நீலம் பாய்ந்துவிடும். பின்பு வண்டு துளைத்து அதனை மாவாக உதிர்க்கும். கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் முதலியவை ஆராய்ந்து வகுத்த பரிகாரம், காலத்தோடு நடத்தும் போட்டியே எனலாம். மரத்தைத் தாமதமின்றி அறுத்து, பலகைகளை இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி நீக்கியபின், வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தினால், அது மரத்தின் உட்புறம்வரை ஊறிவிடுகிறது. அப்பால் வெப்ப அறையில் உலர்த்தி, கணுவும் கோணலும் உள்ள பாகங்களைக் கழித்து, எஞ்சிய குறுந்துண்டுகளின் முனைகளைப் பல்பல்லாகச் செதுக்கி, இரு கை விரல்களைக் கோத்தாற்போல் பசையிட்டு இணைத்தால் நீண்ட பலகை கிடைக்கிறது.

கோலா பிலாவுக்கு அருகே ஸ்ரீ மெனாந்தியில், 99 தூண்களின்மீது, ஆணியே அறையாமல் செங்கால் என்னும் காட்டு மரத்தால் எழுப்பி 1908-இல் நிறைவுற்ற பழைய அரண்மனை, ஒரு நூற்றாண்டு மழையைத் தாங்கி நிற்கின்றது. அத்தகைய உறுதி கித்தாவுக்கு இல்லை. ஊட்டிய மருந்து மழைநீரில் கரைந்துபோகுமாதலால், தூணுக்கும் வெளிச்சுவருக்கும் அது உதவாது. ஆயினும் செங்கால் மரம் காட்டில் முதிர்வதற்கு மனித ஆயுளினும் நெடிய காலம் வேண்டும். கித்தாவோ, ரப்பரின் பொருட்டே வளர்ந்து, தன் செலவைப் பாலாலேயே ஈடுசெய்துவிட்டு, வெட்டிய நிலத்திலேயே மீண்டும் கன்றாக நடப்படுவது. எரித்தால் உடனே காற்றில் கலந்துவிடும் கரிமமும் பலகையாயிருக்கும்வரை அதனுள்ளேயே தங்கும். ஆகவே மழை படாத உள்வேலைக்கெல்லாம் கித்தாவைக் கொள்வோமானால், அவ்வளவுக்கு வனத்து மரம் கோடரிக்குத் தப்பும்.