கூலர் காற்றை அறைகளுக்குப் பங்கிடுதல்

தில்லி, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் வறண்ட வெங்காற்று வீசுகிறது. ராஜஸ்தானிலுள்ள பலோடியில் 2016 மே 19ஆம் நாள் உஷ்ணநிலை 51 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. இப்பிரதேசங்களில் பல குடும்பங்களுக்கு முன்னறை ஜன்னலில் பொருத்திய ஒரே ஓர் ஏர் கூலர்தான் துணை. முன்னறையில் இருப்போர் போர்வை தேடும் வேளையில், முதியவரும் கைக்குழந்தையும் படுத்திருக்கும் உள்ளறை அனலாய்க் கொதிப்பதுண்டு. யந்திரம் சிறியது என்று கருதிப் பெரியதொன்றை வாங்குவோர் உளர். ஆனால் குறை பெரும்பாலும் காற்று வெளியேறும் வழியில்தான் இருக்கிறது.

நீரில் நனைந்த வெட்டிவேர் அல்லது மரச்சுருள் தட்டியின் ஊடே விசிறி வெளிக்காற்றை இழுக்கும்போது, நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் அக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வெளிக்காற்று 42 டிகிரியாகவும், ஈரக்குமிழ் வெப்பமானி 23 டிகிரியாகவும் காட்டும் நாளில், நல்ல தட்டி இடையேயுள்ள 19 டிகிரியில் ஐந்தில் நான்கு பங்கைக் குறைத்து, ஏறத்தாழ 27 டிகிரியில் காற்றைத் தரும். இக்காற்று ஈரம் மிக்கது. வீட்டினுள்ளேயே தங்கிவிட்டால் புழுக்கமே மிஞ்சும். ஏர் கண்டிஷனர் உள்ள வீட்டில் ஜன்னலை மூடுவது அவசியம். கூலர் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் மூடுவது தவறு.

எந்த அறையின் வழியே காற்று வெளியேறுகிறதோ அந்த அறையே குளிரும். கதவும் ஜன்னலும் ஒரே பாதையில் அடுத்தடுத்து நிற்கும் இரு தடைகள். அவற்றுள் சிறிய திறப்பே பெரும்பாலும் காற்றின் அளவை நிர்ணயிக்கிறது. உள்ளறை ஜன்னலை அகலத் திறந்தும் கதவைச் சாத்திவிட்டால், 90 செ.மீ. அகலக் கதவின் அடியில் 1 செ.மீ. இடுக்கு இருப்பினும், கிடைக்கும் வழி 90 சதுர செ.மீ. மட்டுமே. கதவு திறந்து ஜன்னல் மூடியிருந்தாலோ காற்று வாயிலோடு நின்றுவிடும். ஆகவே உட்கதவுகளைத் திறந்தே வைத்து, ஜன்னல்களைக் கொண்டு பங்கிடுவதே முறை.

மணிக்கு 3,000 கன மீட்டர், அதாவது நொடிக்கு 0.83 கன மீட்டர் காற்றுத் தரும் கூலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியேறும் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் எனக் கொண்டால், மொத்தத் திறப்பு சுமார் 3,300 சதுர செ.மீ. வேண்டும். மேற்கு வெயில் தாக்கும் உள்ளறைக்குப் பாதியும், எஞ்சியதில் நடு அறைக்கு மூன்று பங்கும், முன்னறைக்கு இரண்டு பங்கும் விடலாம். ஒரு மீட்டர் உயரமுள்ள நகர்த்து ஜன்னல்களாயின், முறையே 16.5, 10, 6.5 செ.மீ. அகலம் திறந்தால் போதும். கொசுவலை இருப்பின் இன்னும் சற்று அதிகம் திறக்கவேண்டும்.

இது தொடக்கக் கணக்கே. ஒவ்வொரு திறப்பிலும் மெல்லிய காகிதக் கீற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தல் வேண்டும். மாணவர்களைக் கொண்டும் இதைச் செய்விக்கலாம். கீற்று உட்புறமாகச் சாய்ந்தால், வெளிக்காற்றின் வேகத்தால் லூவே உள்ளே நுழைகிறது என்று அறியலாம். அந்த ஜன்னலை மூடி, காற்று வீசும் திசைக்கு மறுபுறத்து ஜன்னலைத் திறக்கவேண்டும். அரைமணிக்குப் பின் அறைதோறும் வெப்பமானியைப் பார்த்து, வெப்பம் மிகுந்த அறையின் ஜன்னலைச் சிறிது விரித்து, குளிர்ந்த அறையினதைச் சிறிது குறைக்கலாம். தொட்டி நீரை வாரந்தோறும் வடித்து உலர்த்தாவிடின், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் பெருகும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லவேண்டும்.

பருவமழை வந்தபின் வெளிக்காற்று 34 டிகிரியும் ஈரக்குமிழ் 28 டிகிரியுமாக இருக்கும் நாட்களில், கூலர் ஐந்து டிகிரிகூடக் குறைக்காது. அப்பொழுது நீரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓட்டி, ஜன்னல்களை முழுவதும் திறந்துவிடுவதே நலம்.