மோட்டார் ஹோமில் ஸ்டெப்னி எங்கே? வண்டி கட்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி

பெங்களூருவிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடி வழியாக ஓசூருக்குள் நுழையும் வண்டிகளில் இப்போது மோட்டார் ஹோம்களும் கண்ணில் படுகின்றன. கட்டில், சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வீடு மாதிரி வண்டி. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள் போக, சொந்தமாக ஒரு வேனை வாங்கி மாற்றிக்கொள்ளும் ஆசையும் இளைஞர்களிடம் கூடியிருக்கிறது.

அப்படி ஒரு வண்டியைக் கட்டக் கொடுக்கும்போது மெத்தை நீளம், சோலார் பேனல், ஏ.சி. என்று மணிக்கணக்கில் பேசுவோம். “ஸ்டெப்னி எங்கே வரும்?” என்று கேட்டால் மட்டும், “அதைக் கடைசியில பார்த்துக்கலாம் சார்” என்று பதில் வரும். கடைசியில் பார்த்தால் இடம் இருக்காது. இருக்கிற ஒரே இடம், நடுராத்திரி நெடுஞ்சாலையில் உங்கள் உயிரோடு விளையாடும் இடமாக இருக்கலாம்.

ஏன் இடம் கிடைப்பதில்லை?

வேன், மினி பஸ் போன்றவற்றில் ஸ்டெப்னி பெரும்பாலும் பின்பக்கத் தரைக்கு அடியில், சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே தொங்கும். மோட்டார் ஹோமாக மாற்றும்போது கழிவுநீர்த் தொட்டிக்கும் அதே இடம்தான் தேவைப்படுகிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியும் கூடுதல் பேட்டரிகளும் மிச்ச இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. போட்டியில் தோற்பது ஸ்டெப்னிதான். அது கழற்றப்பட்டுப் பின்சுவரிலோ கூரையிலோ ஏறுகிறது. சில வண்டிகளில் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

சக்கரம் ஒன்றும் லேசான பொருள் இல்லை. வேன் சக்கரம் டயரும் டிஸ்க்கும் சேர்ந்து 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். மினி பஸ் சேசிஸில் கட்டிய வண்டி என்றால் 50, 60 கிலோ. பெரிய பஸ் சக்கரம் சுமார் 100 கிலோ. இதை எங்கே வைக்கிறோம், எப்படி இறக்குகிறோம் என்பது இரண்டுமே முக்கியம்.

‘ஸ்டெப்னி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நாம் அன்றாடம் சொல்லும் இந்தச் சொல் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். ஆரக்கால் இல்லாத வளையம். அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டிலேயே அதைக் கவ்வி மாட்டி ஓட்டிப் போகலாம். அதற்கு முன்பு கார்களில் மாற்றுச் சக்கரம் வைக்கும் வழக்கமே இல்லை. பஞ்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். பிறகு அந்தச் சக்கரம் வழக்கொழிந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியாவின் பஞ்சர் கடைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

எங்கெல்லாம் வைக்கலாம்?

1. தரைக்கு அடியில்: பழைய, நம்பகமான வழி. எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி ஆடாது. சங்கிலி அல்லது கம்பி வின்ச் மூலம் இறக்கலாம். ஆனால் சேறும் தண்ணீரும் அடித்து வின்ச் துருப்பிடிக்கும். தேவைப்படும் நாளில் அசையாது. பின் டயரே பஞ்சராகி வண்டி தாழ்ந்திருந்தால், அடியிலிருந்து சக்கரத்தை இழுக்க இடைவெளி போதாமலும் போகலாம்.

2. பின்சுவரில்: பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் மோட்டார் ஹோமின் பின்சுவர் பல நேரங்களில் ஃபைபர் ஷீட்டும் மெல்லிய சட்டமும்தான். குழியில் வண்டி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு போல்ட்டை இழுக்கும். முதலில் விரிசல், அடுத்து மழைநீர்க் கசிவு, கடைசியில் சக்கரமே சாலையில் விழும் ஆபத்து. பின்னால் பைக்கில் வருபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுவரில் மாட்டுவதாக இருந்தால், பாரம் சுவரில் இறங்காமல் சேசிஸ் வரை இறங்கும்படி இரும்புச் சட்டம் வேண்டும்.

3. திறந்து மூடும் பின் கேரியர்: சேசிஸிலிருந்து வரும் கை ஒன்றில் சக்கரம் இருக்கும்; கதவு மாதிரி ஒரு பக்கமாகத் திறக்கும். சுவருக்குப் பாரம் இல்லை. ஆனால் கீலும் பூட்டும் தேய்ந்தால் கடகடவென்று ஆடும். நம்பர் பிளேட், பின்விளக்கு, ரிவர்ஸ் கேமரா எதையும் அது மறைக்கக் கூடாது. பின்கதவுதான் அவசர வழி என்றால் உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்பதும் முக்கியம்.

4. இடப்பக்க லாக்கர்: இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, இடப்பக்கத்தில், வெளியிலிருந்து திறக்கும் பெட்டி. கட்டில் உயரத்தில் ஓரடியைத் தியாகம் செய்ய வேண்டும். ஆனாலும் எடைக்கும் பாதுகாப்புக்கும் இதுவே நல்ல இடம். காஸ் சிலிண்டருக்கு இதே பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குக் காற்றோட்டமுள்ள தனி இடம் வேண்டும்.

5. கூரை: கூடுமானவரை வேண்டாம். வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும். அதைவிட, 25 கிலோ சக்கரத்தை ஒருவர் ஏணியில் நின்று இறக்குவது கை கால் முறியும் வேலை.

6. முன்பக்கம்: பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் இப்படிப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இன்ஜின் பின்னால் இருந்தது. நம் வண்டிகளில் ரேடியேட்டர் முன்னால் இருப்பதால் காற்று மறைந்து இன்ஜின் சூடாகும்.

7. டயர் மட்டும்: டிஸ்க் இல்லாமல் டயரை மட்டும் எடுத்துப் போவது. எடை பாதியாகக் குறையும். ஆனால் மாட்ட ஒரு டயர் கடை வேண்டும். லாரிகள் ஓடும் பெருவழிகளில் இது சாத்தியம்; அஞ்செட்டி மாதிரி மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் கஷ்டம்தான்.

எடைக் கணக்கு என்ன சொல்கிறது?

முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சக்கரமும் கேரியரும் சேர்ந்து 60 கிலோ. அதைப் பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் கூடும் பாரம் 60 கிலோ இல்லை, 82.5 கிலோ. சீசா பலகை மாதிரி முன் அச்சிலிருந்து 22.5 கிலோ குறைந்துவிடும். அதாவது பின் டயர்கள் கூடுதலாகச் சுமக்கும். ஸ்டீயரிங் பிடிக்கும் முன் டயர்களின் அழுத்தம் குறையும்.

அதே 60 கிலோவைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் லாக்கரில் வைத்தால்? பின்னால் 45, முன்னால் 15 எனப் பாரம் பிரிந்துவிடும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். சூளகிரி வழியாக இறங்கி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் மறுபடி இறங்கும் வண்டிக்கு இந்தப் பாரப் பகிர்வு பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் நன்றாகவே தெரியும்.

எந்தப் பக்கம் என்பது ஏன் முக்கியம்?

தேசிய நெடுஞ்சாலை 44-ல் வண்டியை ஓரங்கட்டினால் இடப்பக்கம்தான் ஒதுங்குவோம். வலப்பக்கத்தில் லாரிகள் உரசிப் போகும். பின்புறம் நின்றால், தூக்கக் கலக்கத்தில் வரும் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே நிற்கிறீர்கள். அடியிலோ பின்சுவரிலோ உள்ள ஸ்டெப்னியை எடுக்க, அந்த இடத்தில்தான் பல நிமிடங்கள் குனிந்தும் படுத்தும் வேலை பார்க்க வேண்டும். இடப்பக்க லாக்கர் என்றால் வண்டியே உங்களுக்குச் சுவராக நிற்கும்.

பஞ்சரானது வலப்பக்கச் சக்கரமாக இருந்தால்? டயர் வீணானாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டி, பெட்ரோல் பங்க் அல்லது லாரி நிறுத்துமிடம் போய்விடுவதே நல்லது. முடியாவிட்டால் எச்சரிக்கை விளக்கு, பின்னால் தள்ளி முக்கோணம். எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு 1033-ஐ அழையுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்டெப்னியே இல்லாமல் போகலாமா? 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஓட்டுநரோடு 9 பேர் வரை செல்லும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்படாத வாகனத்தில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. பெரிய சேசிஸில் கட்டிய மோட்டார் ஹோமுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. சின்ன வேனுக்குப் பொருந்தினாலும், கிட் ஆணி குத்திய துளையைத்தான் அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் உதவாது.

கேரியர் மாட்டுவதிலும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. எனவே ஸ்டெப்னி கேரியரும் வண்டியின் வரைபடத்திலேயே இருந்து, ஒப்புதல் வாங்கும்போதே சேர்ந்துவிடுவது நல்லது.

கட்டக் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980 முதல் இயங்குகிறது. சுற்றிலும் சிப்காட் பட்டறைகள், வெல்டிங் கடைகள், லாரி டயர் கடைகள். சேசிஸில் எங்கே வெல்டிங் வைக்கக் கூடாது என்று தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

- தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கும் முன் ஸ்டெப்னிக்கு இடம் குறித்தாகிவிட்டதா?
- பாரம் சேசிஸில் இறங்குகிறதா, பாடியில் இறங்குகிறதா?
- கம்பெனி கொடுத்த ஜாக்கி, வீடாக மாறிய வண்டியின் முழு எடையைத் தூக்குமா? ஜாக்கி வைக்கும் இடத்தைப் படிக்கட்டோ பக்கத் தகடோ மறைக்கிறதா?
- இந்த டயர் சைஸ் வழியில் உள்ள கடைகளில் சுலபமாகக் கிடைக்குமா?
- சக்கரத்துக்குப் பூட்டு உண்டா? ஸ்டெப்னி திருட்டு லாரிக்காரர்களுக்குப் பழகிப்போன தலைவலி.

வைத்த பிறகு மறக்கக் கூடாதவை

மோட்டார் ஹோம் டயர்கள் தேய்வதைவிட வயதாகித்தான் கெடுகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் நின்று ரப்பர் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். ஓடாத டயருக்கும் வயது ஏறும். வெளியில் மாட்டியிருந்தால் உறை போடுங்கள். மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வின்ச்சை இறக்கி, கிரீஸ் வைத்து ஏற்றுங்கள். சக்கரம் மாற்றினால் 50 கிலோமீட்டர் போனதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

வண்டியை டெலிவரி எடுக்கும் நாளில் பட்டறை வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். யார் உதவியும் இல்லாமல் ஸ்டெப்னியை இறக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிந்தால் சரி. “ரெண்டு ஆளு வேணும் சார்” என்று பட்டறைக்காரரே சொன்னால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் அந்த இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.